அல்சர் கேப்சூல் பின்வாசல் வழியாக வருகிறது: ஒமிப்ரசோல் உடலுக்குள் செய்யும் வேலை, படிப்படியாக

யாங்கோனில் எங்கள் மருந்துக் கடைக்கு வரும் பர்மியர்கள் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கேட்கும்போது "அசா எய்ன் ஸே" என்பார்கள். அசா என்றால் உணவு, எய்ன் என்றால் வீடு, ஸே என்றால் மருந்து. நாம் இரைப்பை என்று பையாகக் கண்டதை அவர்கள் உணவின் வீடாகக் கண்டிருக்கிறார்கள். மருந்தை விளக்கிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வீடுதான் கைகொடுக்கிறது. வீடு என்றால் முன்வாசல் இருக்கும், பின்வாசலும் இருக்கும். இந்த மருந்தின் சூட்சுமம் முழுவதும் பின்வாசலில் இருக்கிறது.

நம் ஆட்கள் "அல்சர் மாத்திரை" என்று கேட்பது பெரும்பாலும் ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம் கேப்சூல். விழுங்கியதும் அது வயிற்றுக்குள் விழுந்து, புண்ணின் மேல் களிம்பு போலப் படிந்து ஆற்றுகிறது என்றே ஏறக்குறைய எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதால்தான் வலி வந்த பிறகு விழுங்குகிறார்கள், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு விழுங்குகிறார்கள், தொண்டையில் இறங்கவில்லை என்று பிரித்துக் கரைத்துக் குடிக்கிறார்கள். என் பெரியப்பா மூன்றையும் செய்தார். இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் அவருக்குப் புண் ஆறவில்லை. கடைசியில் இரத்தக் கசிவோடு மருத்துவமனையில் படுத்தார். அவர் காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொரு கேப்சூலும் நல்ல மருந்துதான். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரவே இல்லை.

ஆகவே ஒரு கேப்சூலின் பின்னாலேயே நடந்து போய்ப் பார்ப்போம். அதற்கு முன் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அமிலம் எங்கே உண்டாகிறது

இரைப்பையின் உட்சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத குழிகள் லட்சக்கணக்கில் இருக்கும். அந்தக் குழிகளின் சுவரில் பரைட்டல் செல்கள் என்னும் அமிலம் சுரக்கும் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மனிதருக்குச் சுமார் 100 கோடி செல்கள். ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு பக்கம். ஒரு பக்கம் இரைப்பையின் உள்ளறையை நோக்கித் திறக்கும் நுண்ணிய கால்வாய்; மறுபக்கம் இரத்தக் குழாய். முதலாவதை முன்வாசல் என்றும் இரண்டாவதைப் பின்வாசல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கால்வாயின் ஓரத்தில்தான் புரோட்டான் பம்புகள் இருக்கின்றன. ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்து, ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் அடர்த்தியாக ஹைட்ரஜன் அயனிகளை அவை கால்வாயில் குவித்துவிடுகின்றன. உடலில் வேறெங்கும் இவ்வளவு கடும் அமிலம் கிடையாது. நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் இரைப்பை நீர் இப்படிச் சுரக்கிறது.

பம்பை ஓட்டச் சொல்லிச் செல்லுக்கு மூன்று தூது வருகிறது. அதிகாலையில் தெருமுனைக் கடையில் மொகிங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸ் கொதிக்கும் வாசனை மூக்கில் ஏறியதுமே மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக அசிட்டைல்கோலின் வருகிறது. உணவு உள்ளே இறங்கியதும் இரைப்பையின் அடிப்பகுதியிலிருந்து காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கிளம்புகிறது. அந்த காஸ்ட்ரின் பக்கத்துச் செல்களைத் தட்டி எழுப்பி ஹிஸ்டமினைக் கொட்டச் செய்கிறது. மூன்று தூதும் மூன்று வழியாக வந்தாலும் முடிவில் இயங்குவது ஒரே பம்புதான்.

இன்னொன்று மிக முக்கியம். பசித்திருக்கும்போது இந்தப் பம்புகளில் பெரும்பாலானவை கால்வாயின் ஓரத்தில் இருப்பதில்லை. செல்லின் உள்ளே சின்னச் சின்னப் பைகளுக்குள் உறங்கிக்கிடக்கின்றன. தூது வந்ததும் அந்தப் பைகள் நகர்ந்து கால்வாய்ச் சுவரோடு இணைய, பம்புகள் விழித்து வேலையைத் தொடங்குகின்றன. கேப்சூலை எப்போது விழுங்குவது என்ற கேள்விக்கான விடை இந்த உறக்கத்திலும் விழிப்பிலும்தான் இருக்கிறது.

சுவரில் புண் விழுவது எதனால்

இவ்வளவு அமிலத்தை வைத்துக்கொண்டு இரைப்பை தன்னையே கரைத்துக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேல் படர்ந்திருக்கும் சளிப் படலம். படலத்துக்கு அடியில் பைகார்பனேட் சுரந்து, ஊடுருவி வரும் அமிலத்தை முறிக்கிறது. இந்தக் காவலைத் தளராமல் வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள். காவல் உடைந்த இடத்தில் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் சேர்ந்து சதையை அரிக்கும். இரைப்பையில் நேர்ந்தால் இரைப்பைப் புண். அதைத் தாண்டி முன்சிறுகுடலில் நேர்ந்தால் குடற்புண்.

காவலை உடைப்பவர்கள் முக்கியமாக இருவர். ஒருவர் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் சுருள் வடிவப் பாக்டீரியா. அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் இதை இரைப்பைத் திசுவிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். ஒருவரும் நம்பாததால் மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்துத் தன் வயிற்றை அழற்சிக்குள்ளாக்கிக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. யூரியாவை உடைத்து அம்மோனியா தயாரித்து, தன்னைச் சுற்றி அமிலம் முறிந்த ஒரு சிறு வட்டத்தை உண்டாக்கி அந்தக் கிருமி பிழைக்கிறது. பெரும்பாலும் சிறுவயதில், ஒரே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது.

மற்றவர் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கின்றன. அதே கையோடு இரைப்பையைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினையும் தடுத்துவிடுகின்றன. சாப்பிட்ட பிறகு விழுங்கினால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை தவறு. இரத்தத்தில் கலந்த பிறகும் அவை இந்தக் காவலைக் குலைக்கும். இங்கே எனக்கு மிகவும் வேதனை தருவது, மூட்டுவலிக்கு என்று நான்கைந்து மாத்திரைகளைக் கலந்து, பெயரே எழுதாமல் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலமாகக் கட்டிக்கொடுக்கும் வழக்கம். அதற்குள் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கக்கூடும். அப்படிச் சேரும்போது இரத்தக் கசிவின் ஆபத்து பன்மடங்காகிறது. பெரியப்பா ஒரு கடையில் மாதக் கணக்கில் வாங்கித் தின்றது இந்தப் பொட்டலங்களைத்தான். வீட்டில் மருந்து தெரிந்த நான் இருந்தும் எனக்குத் தெரியாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு லபெ தோ என்னும் தேயிலைக் கலவை சாப்பிடுவதால் அல்சர் வருவதில்லை. இருக்கும் புண்ணில் காரம் பட்டால் எரியும், அவ்வளவே. புகையிலை வேறு விஷயம். புண் ஆறுவதை அது தாமதப்படுத்துகிறது.

படி 1: முன்வாசலில் சிக்காமல் தாண்டுவது

கேப்சூல் இரைப்பைக்குள் விழுகிறது. வெளிக்கூடு சில நிமிடங்களில் கரைந்து, உள்ளேயிருக்கும் நுண்மணிகள் சிதறுகின்றன. ஒமிப்ரசோல் அமிலத்தைக் கொஞ்சமும் தாங்காத மருந்து. வெறும் மருந்தாக இரைப்பை அமிலத்தில் விழுந்தால் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அமிலத்தை அடக்க வந்த மருந்தே அமிலத்துக்கு இரையாவது விந்தையாகத் தோன்றலாம். இந்தக் குணம் பின்னால் அதற்கு வலிமையாக மாறுவதைப் பார்ப்போம்.

இந்தச் சிதைவைத் தடுக்கத்தான் ஒவ்வொரு மணியின் மேலும் ஒரு மேலுறை பூசியிருக்கிறார்கள். அமிலத்தில் அந்த உறை கரையாது. அமிலம் குறைந்து, பி.எச். அளவு (அமிலம் குறையக் குறைய ஏறும் எண்) ஏறத்தாழ 5.5-ஐத் தாண்டிய இடத்தில்தான் கரையும். அதாவது இரைப்பையைக் கடந்து சிறுகுடலுக்குள் போன பிறகு.

பெரியப்பா கேப்சூலைப் பிரித்து மணிகளைச் சூடான பால் தேநீரில் கொட்டிக் கலக்கிக் குடித்தார். கெட்டிப் பால் ஊற்றிய நம் ஊர்த் தேநீரின் பி.எச். கிட்டத்தட்ட நடுநிலையில் இருக்கும். எனவே குடலில் கரைய வேண்டிய மேலுறை கோப்பையிலேயே இளகிப்போனது. உறை போன மருந்து நேராக அமிலத்தில் போய் விழுந்தது. மணிகளை மென்றாலும், பொடித்தாலும் கதை இதுதான்.

கேப்சூலை முழுதாக விழுங்க முடியாதவர்களுக்கு வழி இருக்கிறது. பிரித்த மணிகளை ஆரஞ்சுச் சாறு, அன்னாசிச் சாறு, ஆப்பிள் சாறு போன்ற சற்றே புளிப்பானவற்றில் கலந்து, அரை மணி நேரத்துக்குள், மெல்லாமல் விழுங்கலாம். புளிப்பு மேலுறையைக் காக்கும். பாலும் சோடாவும் வேண்டாம். ஆனால் எல்லா நிறுவனத்தின் கேப்சூலும் ஒன்றுபோல் இருக்காது; பிரிக்கலாமா என்று அந்தப் பெட்டியின் தாளைப் பார்த்துவிட்டோ கடையில் கேட்டுவிட்டோ செய்யுங்கள்.

மழைக்காலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மே முதல் அக்டோபர் வரை யாங்கோனின் காற்றில் நீர் சொட்டும். ஒமிப்ரசோலுக்கு ஈரமும் வெப்பமும் பகை. பத்து கேப்சூலைச் சில்லறையாக வாங்கிக் காகிதத்தில் மடித்துச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். அட்டையோடு வாங்குங்கள், விழுங்கும் நேரத்தில் பிரியுங்கள். மணிகள் வெள்ளை நிறம் மாறிப் பழுப்பாகியிருந்தால் அது கெட்டுப்போனதன் அடையாளம்.

படி 2: குடல், ஈரல், இரத்தம்

சிறுகுடலில் மேலுறை கரைய, மருந்து இரத்தத்தில் ஏறுகிறது. நேராக ஈரலுக்குப் போகிறது. அங்கே ஒரு பகுதி அழிக்கப்படுகிறது. முதல் நாள் விழுங்கியதில் 30 முதல் 40 சதவீதமே உடலுக்குக் கிடைக்கும். தொடர்ந்து சாப்பிடச் சாப்பிட அது சுமார் 60 சதவீதமாக உயர்கிறது. இரைப்பை அமிலம் குறைவதும், மருந்தை அழிக்கும் ஈரலின் வேகம் மட்டுப்படுவதும் காரணம்.

ஒமிப்ரசோலை அழிப்பதில் சி.ஒய்.பி.2சி19 என்ற ஈரல் நொதிக்குப் பெரும்பங்கு. இந்த நொதி பிறவியிலேயே மந்தமாக இருப்பவர்கள் ஆசியர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேர். ஐரோப்பியரில் ஐந்து பேருக்கும் குறைவு. மந்தமானவர்களுக்கு அதே 20 மில்லிகிராம் அதிக நேரம் இரத்தத்தில் நின்று பலமாக வேலை செய்யும். ஒரே மருந்து அண்ணனுக்கு மூன்று நாளில் கேட்பதும் தம்பிக்கு ஒரு வாரமாகியும் கேட்காததும் இதனாலும் இருக்கலாம். இதய அடைப்புக்கு குளோபிடோகிரெல் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. அந்த மருந்தைச் செயலூட்டுவது இதே நொதி. ஒமிப்ரசோல் நொதியைத் தடுப்பதால் குளோபிடோகிரெலின் பலன் குறையக்கூடும். ஸ்டென்ட் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒமிப்ரசோலைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது. இந்தத் தடை குறைந்த பான்டோபிரசோல் போன்ற மாற்று இருக்கிறது.

படி 3: பின்வாசல்

இப்போது மருந்து இரத்தத்தில் உடலெங்கும் சுற்றுகிறது. மூளைக்கும் போகிறது, காலுக்கும் போகிறது. ஆனால் எங்கும் எதையும் தொடுவதில்லை. ஏனென்றால் இந்த நிலையில் அது உறங்கும் மருந்து. பம்பைப் பிடிக்கும் கொக்கி இன்னும் அதற்கு முளைக்கவில்லை.

சுற்றி வரும் இரத்தம் இரைப்பைச் சுவருக்கும் வருகிறது. பரைட்டல் செல்லின் பின்வாசல் வழியாக மருந்து செல்லுக்குள் நுழைந்து, மறுபக்கச் சவ்வையும் கடந்து, அமிலம் கொப்பளிக்கும் கால்வாய்க்குள் இறங்குகிறது. இறங்கியதும் அமிலத்தின் ஹைட்ரஜன் அதன் மேல் ஒட்டி, அதற்கு மின்னேற்றம் கொடுத்துவிடுகிறது. மின்னேற்றம் பெற்ற பொருள் சவ்வைத் தாண்டித் திரும்ப முடியாது. உள்ளே வந்தது வந்ததுதான். இப்படி வர வர அகப்பட்டு, இரத்தத்தில் இருப்பதைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு அடர்த்தியாக அந்தச் சிறு கால்வாயில் மருந்து குவிகிறது. உடலில் இவ்வளவு கடும் அமிலம் உள்ள இடம் அது ஒன்றுதான் என்று முன்பு சொன்னேன் அல்லவா? அதனால்தான் மருந்து அங்கே மட்டும் குவிகிறது.

குவிந்த மருந்தை அதே அமிலம் உருமாற்றுகிறது. அதன் மூலக்கூறு மடங்கி, சல்ஃபெனமைடு என்ற புது உருவம் எடுக்கிறது. இரைப்பைக்குள் விழுந்திருந்தால் மருந்தை வீணாக்கியிருக்கும் அதே அமிலச் சிதைவு, சரியான இடத்தில் நிகழும்போது மருந்துக்குக் கொக்கியைக் கொடுக்கிறது. அந்தக் கொக்கி பம்பின் வெளிப்புறத்தில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தைப் பற்றிக்கொள்கிறது. கந்தகத்தோடு கந்தகம் சேர்ந்த அந்தப் பிணைப்பு எளிதில் விடாது. பம்பு நின்றுவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் மனம் சிலிர்க்கிறது. 1979-இல் சுவீடனில் ஹெஸ்லே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கி, 1988-இல் விற்பனைக்கு வந்த மருந்து இது.

ஒமிப்ரசோல் இரத்தத்தில் இருப்பது கொஞ்ச நேரம்தான்; அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் பாதி போய்விடும். சில மணி நேரத்தில் இரத்தத்தில் தடயமே இருக்காது. ஆனால் அது பூட்டிவிட்டுப் போன பம்பு பூட்டியே கிடக்கும். அந்தப் பலன் மூன்று நாள் வரைகூட நீளும். ஒரு நாளைக்கு ஒரு கேப்சூல் போதும் என்பது இதனால்தான்.

இனி நேரக் கணக்கு எளிது. மருந்து இரத்தத்தில் நிறைந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பம்புகள் விழித்திருக்க வேண்டும். உறங்கும் பம்பைச் சுற்றி அமிலம் இல்லை. அமிலம் இல்லாத இடத்தில் கொக்கி முளைக்காது. பம்புகள் அதிகம் விழிப்பது, இரவு முழுவதும் பட்டினி கிடந்த பிறகு உண்ணும் முதல் உணவின்போது. ஆகவே எழுந்ததும் ஒரு குவளைத் தண்ணீரோடு கேப்சூலை விழுங்குங்கள். 30 முதல் 60 நிமிடம் கழித்து மொகிங்காவோ இட்லியோ சாப்பிடுங்கள். மருந்து பின்வாசலுக்கு வந்து சேரும் நேரமும் பம்புகள் எழும் நேரமும் அப்போது ஒன்றாகும். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் மணிகள் உணவோடு சேர்ந்து இரைப்பையில் தங்கி, தாமதமாகக் குடலுக்குப் போகும். மருந்து வந்து சேரும்போது பம்புகள் மீண்டும் உறங்கப் போயிருக்கும். விழுங்கிவிட்டு நண்பகல் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருப்பதும் அதே அளவு வீண்.

விரதம் இருப்பவர்கள் இதை வைத்தே கணக்கிடலாம். தீமிதிக்கு விரதம் இருந்து மாலையில் ஒருவேளை மட்டும் உண்பவர், அந்த உணவுக்கு அரை மணி முன்னதாக விழுங்க வேண்டும். நோன்பிருக்கும் நம் சூலியா முஸ்லிம் சகோதரர்களுக்கு, விடியுமுன் உண்ணும் சஹர் உணவுக்கு அரை மணி முன் எழுந்து விழுங்குவது பொருந்தும். ஆறாத புண்ணோடு இருப்பவர்கள் விரதமே இருக்கலாமா என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். சாமி ஒருபோதும் கோபித்துக்கொள்ளாது.

படி 4: நாட்கள், வாரங்கள்

முதல் நாளே வலி நின்றுவிடும் என்று எதிர்பார்த்து ஏமாந்து, இரண்டாம் நாள் வேறு மாத்திரை கேட்டு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். முதல் நாள் விழித்திருந்த பம்புகள் மட்டுமே பூட்டப்பட்டன. உறங்கியவை மறுநாள் எழும். அதோடு உடல் தினமும் புதுப் பம்புகளைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. பூட்டுவதும் புதிதாக முளைப்பதும் ஒரு சமநிலைக்கு வர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அப்போது அமிலச் சுரப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருக்கும். முழுவதும் நிற்காது, நிற்கவும் கூடாது, உணவோடு வரும் கிருமிகளைக் கொல்ல அமிலம் வேண்டும்.

புண்ணை ஆற்றுவது மருந்து இல்லை, உடல். பி.எச். அளவு 4-ஐத் தாண்டினால் சதையைத் தின்னும் பெப்சின் ஏறக்குறைய செயலிழந்துவிடும். அந்த அமைதியில் புண்ணின் ஓரத்துச் செல்கள் நகர்ந்து வந்து குழியை மூடுகின்றன, அடியில் புது இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. முன்சிறுகுடல் புண்ணுக்குச் சுமார் 4 வாரம், இரைப்பைப் புண்ணுக்கு 8 வாரம் ஆகும். வலி முதல் வாரத்திலேயே போய்விடும். குழி மூட வாரக்கணக்கில் ஆகும். வலி போனதும் மருந்தை நிறுத்துவது, சிமென்ட் பூசிய சுவர் காய்வதற்குள் அதில் சாய்ந்து உட்காருவது போன்றது.

கிருமி இருப்பது உறுதியானால் அமிலத்தைக் குறைப்பதோடு நிற்கக் கூடாது. ஒமிப்ரசோலை நாளுக்கு இருமுறையாக்கி, அதனுடன் அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல், பிஸ்மத் முதலியவற்றில் மருத்துவர் தேர்ந்தவற்றைச் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள் தருவார்கள். அமிலம் குறைந்தால் ஆன்டிபயாட்டிக்குகள் சிதையாமல் நிற்கும். கிருமியும் பெருகத் தொடங்கி, பெருகும்போதே தாக்குதலுக்கு ஆளாகும். மெட்ரோனிடசோல் இருந்தால் மது கூடவே கூடாது. ஏழாம் நாளில் நன்றாகிவிட்டது என்று நிறுத்தினால், பிழைத்த கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாகிவிடும்.

மற்ற மருந்துகள் எங்கே நிற்கின்றன

பாட்டிலில் வரும் வெள்ளைத் திரவமும் மென்று தின்னும் மாத்திரையும் அலுமினியம், மக்னீசியம் ஹைட்ராக்சைடுகள். ஏற்கெனவே உள்ளறையில் கிடக்கும் அமிலத்தை முறிப்பவை. நிமிடங்களில் ஆறுதல் தரும், சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 1976-இல் பிரிட்டனில் வந்த சிமெட்டிடின், பிறகு வந்த ரானிடிடின், இன்று விற்கும் ஃபமோடிடின் ஆகியவை மூன்று தூதர்களில் ஹிஸ்டமினை மட்டும் வாசலில் மறிப்பவை. மற்ற இருவர் வரலாம் என்பதால் உணவு நேரத்து அமிலத்தை அவை முழுதாகத் தடுப்பதில்லை. என்.டி.எம்.ஏ. என்னும் மாசு கண்டறியப்பட்டதால் 2020-இல் அமெரிக்காவில் ரானிடிடின் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. பழக்கத்தில் அதைக் கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். சுக்ரால்ஃபேட் மக்கள் நினைப்பது போலப் புண்ணின் மேலேயே படியும் மருந்து. அதை மற்ற மருந்துகளோடு சேர்த்து விழுங்கினால் அவற்றையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நேரம் விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் காத்திருக்கக் கூடாத நிலைகள்

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று கொள்ளுங்கள். பெரியப்பா தான் சாப்பிட்ட இரும்புச் சத்து டானிக்கால் கறுத்தது என்று எண்ணி நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. இரும்பும் பிஸ்மத்தும் மலத்தைக் கறுப்பாக்குவது உண்மைதான். ஆனால் கறுப்போடு தலைசுற்றல், வெளிறிய முகம், படபடப்பு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லை. காபித்தூள் போன்ற வாந்தி, இரத்த வாந்தி, கத்தியால் குத்தியதுபோல் திடீரென்று எழுந்து வயிற்றைப் பலகைபோல் இறுக்கும் வலி ஆகியவற்றுக்கு அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவதும் விழுங்கச் சிரமப்படுவதும் எண்டோஸ்கோப்பி (குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் பரிசோதனை) கேட்கும் அறிகுறிகள். இவற்றை மறைத்துவைக்கும் வேலையை ஒமிப்ரசோல் செய்துவிடக் கூடும் என்பதால் மாதக்கணக்கில் தாமாக வாங்கிச் சாப்பிடுவது எனக்கு அச்சம் தருகிறது.

படி 5: சோதித்து நிறுத்துவது

கிருமிக்கு மருந்து முடித்தவர்கள் அது போய்விட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். யூரியா மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ போதும். கடைசி ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு குறைந்தது 4 வாரமும், ஒமிப்ரசோலை நிறுத்தி 2 வாரமும் கழிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி ஒடுங்கிக் கிடந்து, சோதனை இல்லை என்று பொய் சொல்லும்.

ஆண்டுக்கணக்கில் மருந்து வேண்டியவர்களும் உண்டு. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுக்கும், முன்பு புண்ணில் இரத்தம் கசிந்த முதியவர் அப்படி ஒருவர். அவர்கள் பயந்து நிறுத்தக் கூடாது. நீண்ட காலப் பயன்பாட்டில் வைட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம், இரும்புச் சத்து சரியாக ஏறாமல் போகலாம். இவற்றை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வேண்டிய வாரங்கள் முடிந்து நிறுத்துகிறவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. அமிலம் குறைந்திருந்த நாட்களில் உடல் அதை ஈடுகட்ட காஸ்ட்ரினைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. பூட்டு நீங்கியதும் அந்தக் கூடுதல் தூதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து பம்புகளை விரட்டும். அதனால் நிறுத்திய சில நாட்களில் முன்பைவிட அதிகமாக நெஞ்செரியலாம். புண் திரும்பிவிட்டது என்று அஞ்சி உடனே பழைய அட்டையைத் தேட வேண்டாம். மருத்துவர் சொன்னால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து நிறுத்தலாம். எரியும் நேரத்தில் இரண்டு தேக்கரண்டி வெள்ளைத் திரவம் போதும். சில வாரங்களில் காஸ்ட்ரின் பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் எரிச்சல் குறையாவிட்டால், அல்லது இரவில் வலி எழுப்பிவிட்டால், அப்போது மருத்துவரிடம் திரும்பப் போங்கள். போகும்போது நீங்கள் விழுங்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயரெழுதாத பொட்டலங்கள் உட்பட.